ரௌனி தள்ளிச் சறுக்கிய குளிர்காலம்

ரௌனிக்கு ஐம்பத்தெட்டு வயது. முப்பது வருஷமாகப் பள்ளிக்கூட பஸ் ஓட்டியவள். வடக்கே, வருஷத்தில் பாதி பனி மூடிக் கிடக்கும் அவள் ஊரில், ஏரியைச் சுற்றியிருக்கிற வீடுகளில் எந்தப் பிள்ளை காலையில் அழும், எது கையுறையை மறந்துவிட்டு ஓடிவரும் என்பதெல்லாம் அவளுக்கு மனப்பாடம். நவம்பரில் சுகாதார நிலையத்து டாக்டர் அவள் கையில் பட்டையைச் சுற்றி ரத்த அழுத்தம் பார்த்தார். பார்த்துவிட்டு, அவள் பஸ் ஓட்டலாம் என்று சொல்லும் ஓட்டுநர் தாளில் கையெழுத்துப் போடாமலே பேனாவை மூடி வைத்தார். மாத்திரை சாப்பிடு, உடம்பை வியர்க்க வை, மார்ச்சில் வா. அழுத்தம் இறங்கியிருந்தால் பஸ். இல்லாவிட்டால் வீட்டில் உட்கார வேண்டியதுதான். மறுநாளே, ஓய்வு பெற்றிருந்த பழைய ஓட்டுநர் கௌகோ அவள் பஸ்ஸை எடுத்துவிட்டான்.

நான்தான் தினமும் பனியில் சறுக்குகிறேனே என்று ரௌனி வாதாடினாள். பொய்யில்லை. நடக்கப் பழகிய நாளிலிருந்து சறுக்குகிறவள். எப்படிச் சறுக்குவீர்கள் என்று நர்ஸ் தெர்ஹி கேட்டதும் அவள் உள்ளதை உள்ளபடி சொன்னாள். பனியில் பதித்த இரட்டைத் தடத்தில் சறுக்குப் பலகைகளை வைத்துக்கொண்டு நேராகப் போவாள். எதிரே யார் வந்தாலும் நின்று அரை மணி பேசுவாள். காட்டுக் குடிலில் நெருப்பில் ஒரு தொத்திறைச்சி சுட்டுத் தின்று, காப்பி குடித்துவிட்டுத் திரும்புவாள்.

"அது உங்க உடம்புக்கு வேலைன்னே தெரியாது. தூங்கிக்கிட்டே போயிட்டு வரீங்க," என்றாள் தெர்ஹி. "தள்ளிச் சறுக்கிப் பாருங்க. கால் மணி நேரம் போதும். அதுக்கப்புறம் பேசறதுக்கு மூச்சே இருக்காது."

தள்ளிச் சறுக்குவதற்குத் தடம் கிடையாது. தடத்துக்குப் பக்கத்திலேயே உருளை போட்டு அழுத்திய அகலமான பனியில் வலக்காலை வெளியே தள்ளி, பிறகு இடக்காலைத் தள்ளி, பனிக்கட்டியின் மேல் ஸ்கேட் கட்டிப் போவது போலப் போக வேண்டும். ரௌனியின் குடும்பத்தில் அதற்கு மரியாதை இல்லை. தம்பி இல்போ ஊரின் தடம் போடும் வண்டியை ஓட்டுகிறவன். தள்ளிச் சறுக்குகிற எவனாவது காலை அகட்டி, அவன் பதித்த தடத்தின் விளிம்பை உடைத்துவிட்டால், சாப்பிடுகிற தட்டில் மிதித்தவனைப் பார்ப்பது போலப் பார்ப்பான். அக்காவே அந்தக் கூட்டத்தில் சேரப் போகிறாள் என்று கேட்டதும் அவன் சிரிக்கக்கூட இல்லை.

"என் தடத்துல உன் கால் பட்டுச்சுன்னா அக்கான்னு பார்க்க மாட்டேன்," என்றான்.

அவள் பிடிவாதக்காரி. பழைய சாமான் கடையில் அதற்கான குட்டைப் பலகையும் ஊன்றித் தள்ளும் நெட்டைக் கோல்களும் வாங்கிவந்தாள். கூடத்தில் நின்று ஜன்னலுக்கு வெளியே வெப்பமானியைப் பார்த்தாள். பூஜ்யத்துக்குக் கீழே எட்டு டிகிரி. அந்தக் குளிருக்கான நீல மெழுகை எடுத்துப் பலகையின் அடியில், பாதம் நிற்கிற இடத்தில் தேய்த்து, தக்கையால் அழுத்திவிட்டாள். ஐம்பது வருஷப் பழக்கம். கை தானாகச் செய்தது.

பாதையோரத்தில் மூன்று விளக்குக் கம்பம் தாண்டுவதற்குள் இதயம் காதுக்குள் வந்து அடித்தது. மறுநாளும் மூன்று. அடுத்த வாரமும் மூன்று. சின்னப் பெண்கள் அவளைக் கடந்து சத்தமே இல்லாமல் மிதந்து போனார்கள். இவள் பலகையோ பனியைக் கட்டிப் பிடித்துக்கொண்டு விடமாட்டேன் என்றது. பகல் இரண்டு மணிக்கே வானமும் ஏரியும் ஒரே நீலமாகிவிடும். அந்த நீலத்தில், அக்கரைச் சாலையில், அவளுடைய பஸ்ஸின் மஞ்சள் ஜன்னல்கள் கனவில் போவது போல ஊர்ந்து போகும். உள்ளே கௌகோ. பார்த்துக்கொண்டே நிற்பாள். இனி அது எனக்கில்லை என்று தோன்றும்.

மூன்றாவது வாரம் ஒரு நாள் நான்காம் கம்பத்துக்கு முன்னால் பனியிலேயே உட்கார்ந்துவிட்டாள். இல்போவின் வண்டி வந்து நின்றது. உன் வேலையைப் பார்த்துக்கொண்டு போ என்று அவள் விரட்டியும் அவன் இறங்கிவந்து, அவள் காலைத் தூக்கிப் பலகையைத் திருப்பினான். அடியில் கட்டைவிரலை ஓட்டினான். பனித்துகள் பூனை ரோமம் மாதிரி ஒட்டித் தொங்கியது.

"பிடிமெழுகா போட்டிருக்க?"

அவள் பலகையின் அடியை எட்டிப் பார்த்தாள்.

"பிரேக்கை மிதிச்சுக்கிட்டே ஆக்ஸிலேட்டரை மிதிச்சா பஸ் போகுமா அக்கா?"

பிடிமெழுகு தடத்தில் போகிறவர்களுக்கு. பின்னால் உதைக்கும்போது பனி பிடித்துக்கொள்ள வேண்டும் என்பதற்காக. தள்ளிச் சறுக்குகிறவனுக்குப் பிடியே ஆகாது, பலகை முழுக்க வழுக்க வேண்டும். பனியையே பார்க்காத ஊரிலிருந்து வந்தவன் இந்தத் தப்பைச் செய்திருக்க மாட்டான். கடைக்காரன் சொன்னதைக் கேட்டிருப்பான். பிறந்ததிலிருந்து சறுக்குகிறவள்தான் செய்வாள்.

"மூணு வாரமா இதை இழுத்திருக்க. உன் நெஞ்சுல கோளாறே இல்ல. மண்டையிலதான்," என்றபடி சுரண்டியை எடுத்தான்.

"கொண்டா இங்க. என் மெழுகை நானே சுரண்டிக்குவேன்," என்று பிடுங்கிக்கொண்டாள்.

சுரண்டிவிட்டு எழுந்து ஒரு தள்ளுத் தள்ளினாள். பலகை போனது. போய்க்கொண்டே இருந்தது. அடுத்த காலை வைக்க வேண்டுமென்பதே மறந்துபோகிற அளவுக்குப் போனது. மரங்கள் தாமாகப் பின்னால் நகர்ந்தன. தான் நிற்கிறோமா போகிறோமா என்று அவளுக்கே தெரியவில்லை. உலகத்தை யாரோ காலுக்கடியிலிருந்து மெல்ல உருவுவது போல இருந்தது. எட்டாம் கம்பத்தில் திரும்பும்போது தொப்பியெல்லாம் வியர்வை.

ஜனவரி போயிற்று, பிப்ரவரி போயிற்று. படுத்தால் கட்டில் சறுக்கியது. அந்த ஆட்டத்திலேயே உறங்கிப் போவாள். இல்போ ஒரு வார்த்தை மெச்சவில்லை. ஆனால் அந்த வருஷம் உருளை போட்ட பக்கம் வழக்கத்தைவிட ஒரு முழம் அகலமாக இருந்ததை ஊரே கவனித்தது.

மார்ச் வந்தது. பகல் வெயிலில் இளகிய பனி இரவுக் குளிரில் இறுகி, காலையில் ஏரி, சதுப்பு, வயல் எல்லாம் ஆளைத் தாங்கும் ஓடாக நின்றது. அதன்மேல் தடமும் வேண்டாம், பாதையும் வேண்டாம். ஒன்பது மணிக்கு டாக்டர். சாலை ஏரியைச் சுற்றிக்கொண்டு போகும். ரௌனி ஏரியின் மேலேயே நேராக இறங்கினாள். சூரியன் முகத்தில் அடித்தது. வெள்ளைக்கும் வானத்துக்கும் நடுவே கோடே தெரியவில்லை. ஏதோ ஒரு மீன் தனக்குக் கீழே, இருட்டில், தன்னோடு கூடவே வருகிறது என்று ஏனோ நினைத்துக்கொண்டாள். அக்கரை வந்ததும் வருத்தமாகக்கூட இருந்தது.

தெர்ஹி பட்டையைச் சுற்றினாள். நவம்பரைவிட அதிகம் காட்டியது. ரௌனியின் முகம் வெளுத்துவிட்டது. தெர்ஹி அவள் காலைப் பார்த்தாள். சறுக்குக் காலணி, அதன்மேல் பனித்துகள்.

"எப்படி வந்தீங்க?"

"ஏரி மேல."

"மூச்சு வாங்க வந்து உக்காந்தா ஏறித்தான் காட்டும். போய் நடையில அரை மணி நேரம் உக்காருங்க. யார்கிட்டயும் பேசக்கூடாது."

அவளுக்கு அதைவிடப் பெரிய தண்டனை கிடையாது. தபால்காரர் வணக்கம் சொல்லிப் பார்த்தார், உதட்டை இறுக்கிக்கொண்டாள். கண்ணை மூடினாள். நாற்காலி அவளை ஏந்திக்கொண்டு வெள்ளையில் மெதுவாகப் போனது. அங்கே பஸ்ஸும் இல்லை, மார்ச்சும் இல்லை.

இரண்டாம் முறை தெர்ஹி எண்ணைப் பார்த்தாள், மறுபடி பார்த்தாள், எழுந்து போய் டாக்டரைக் கூட்டிவந்தாள். டாக்டர் பேனாவைத் திறந்தார். ஒரு வருஷத்துக்குத்தான் கொடுப்பேன், அடுத்த மார்ச்சில் பார்ப்போம் என்றார். ஒரு வருஷமே போதும் என்றாள் ரௌனி.

வெளியே வந்தபோது வெயில் ஏறிப் பனி ஓடு இளகியிருந்தது. முதல் அடியிலேயே தொடைவரை உள்ளே போனாள். பலகையைத் தோளில் போட்டுக்கொண்டு நிறுத்தத்துக்கு நடந்தாள். சின்ன வகுப்புப் பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு பஸ் வந்தது. கௌகோ கதவைத் திறந்து, அவள் நீட்டிய தாளையும் அவளையும் மாறி மாறிப் பார்த்தான்.

"நாளையிலிருந்து நீ தூங்கலாம் கௌகோ. சீட்டை ரொம்பப் பின்னாடி தள்ளி வச்சிருக்க. எறங்கறப்ப முன்னாடி இழுத்து வச்சுட்டுப் போ."

"இப்பவே இழுக்கட்டுமா? என் முட்டி இடிக்கும்."

"இடிக்கட்டும்," என்று சொல்லிவிட்டு, பிள்ளைகளுக்கு நடுவில் போய் உட்கார்ந்தாள்.