காசிமிரோ தன்னையே வெளியேற்றினார்

பெரு நாட்டில், எங்கள் புவேர்ட்டோ மால்டோனாடோ நகர நீதிமன்றத்தில் சத்தம் போடுகிறவர்களை வெளியேற்றுவதுதான் காசிமிரோவின் வேலை. கொட்டாவி விட்ட சொந்த மாமியாரையே வெளியே தள்ளியவர்.

அன்று கொலை வழக்கு. ஓட்டல் வேலை என்று ஏமாற்றிக் கடத்திவந்த பெண்ணைத் தங்கச் சுரங்கத்து மதுக்கடையில் அடைத்துவைத்தவன், அவள் தப்பப் பார்த்ததும் கொன்றுவிட்டான். கடத்திவந்தவளைக் கொன்றால் தண்டனை கூடும். அதனால் அவனுடைய வக்கீல் வெட்கமே இல்லாமல் குழைந்தார்: "கடத்தலே இல்லம்மா, எல்லாம் காதல் வெறிதாம்மா!"

காசிமிரோ வெடித்துச் சிரித்தார். "காதலிச்சவன் எதுக்குய்யா வெளிப்பக்கமா பூட்டு போட்டான்?"

நீதிபதியம்மா முறைத்தார். "சத்தம் போட்டவர வெளிய அனுப்புங்க."

"இதோம்மா!" காசிமிரோ தன் காலரைத் தானே பிடித்துத் தன்னை வெளியே இழுத்துக்கொண்டு போனார்.

கதவு மூடிக்கொண்டதும் நீதிபதியம்மா வக்கீல் பக்கம் திரும்பினார்.

"வெளிய போனவர் கேட்டதுக்குப் பதில் சொல்லுங்க."