அண்ணைக்குக் கலியாணம் சொல்ல மலையேறிய கதை

நாற்பத்தொன்பது வயதில் எனக்கு மலைச் சைக்கிள் ஆசை வந்துவிட்டது என்று நினைத்து யாரும் வாழ்த்து அனுப்ப வேண்டாம். போன ஆகஸ்ட் மாதம், முதல் சனிக்கிழமை, மொன்றியலுக்கு வடக்கே லோரன்சியன் மலைப்பக்கம் இருக்கும் ஒரு ரிசோர்ட்டின் சைக்கிள் பார்க்குக்குத் தனியே போனேன். குளிர்காலத்தில் பனிச்சறுக்கு நடக்கும் மலை அது. கோடையில், கம்பியில் கதிரைகள் தொங்கிப் போகும் அதே லிப்டில் சைக்கிளோடு மேலே போய், காட்டுப் பாதைகளில் உருட்டிக்கொண்டு இறங்கலாம். போகிற எண்ணம் உள்ளவர்களுக்காக நேரம், செலவு எல்லாம் கீழே எழுதியிருக்கிறேன். ஆனால் நான் போனது சைக்கிளுக்காக அல்ல, என் அண்ணைக்காக.

அண்ணைக்கும் எனக்கும் மூன்று வருடமாகக் கதை பேச்சில்லை. அவருடைய மகளின் கலியாணக் கார்ட் எங்கள் வீட்டுக்குத் தபாலில் வந்தது, அதுதான் காரணம். யாழ்ப்பாணத்து ஆட்களுக்கு இதற்கு மேல் விளக்கம் தேவையில்லை. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன்: கூடப்பிறந்தவனுக்கு, புருஷனும் பெண்சாதியுமாக வீடு தேடி வந்து, தட்டத்தில் கார்ட்டை வைத்து நீட்டித்தான் கலியாணம் சொல்ல வேண்டும். முத்திரை ஒட்டி அனுப்புவது வேலைத்தலத்து ஆட்களுக்கு. எனக்குக் கோபம் உச்சி வரைக்கும் ஏறியது. நானும் போகவில்லை, மனைவியையும் மகளையும் போக விடவில்லை. அது போதாதென்று கோயில், கடை, பிறந்தநாள் வீடு என்று கண்ட இடமெல்லாம் நின்று, "என்ரை அண்ணை எனக்குத் தபாலிலை கலியாணம் சொன்னவர்" என்று சொல்லித் திரிந்தேன்.

இந்த வருடம் என் மகள் அபிராவுக்குக் கலியாணம், செப்டம்பர் நடுவில். அவள் சின்னவளாக இருந்தபோது எனக்கும் மனைவிக்கும் ஆஸ்பத்திரியில் பின்னேர வேலை. கார்டெரியில், அதாவது பிள்ளைகள் காப்பகத்தில் இருந்து அவளைக் கூட்டிக்கொண்டு போய், சோறு தீத்தி, நாங்கள் வரும்வரை வைத்திருந்தது அண்ணைதான், நாலு வருடம். ஜூலைக் கடைசியில் ஒருநாள் அவள் கையைக் கட்டிக்கொண்டு என் முன்னால் வந்து நின்றாள்.

"அப்பா, பெரியப்பா வராட்டி நான் மணவறையிலை ஏற மாட்டன். சே தூ."

சே தூ என்றால் அவ்வளவுதான், மேலே பேச்சில்லை என்று அர்த்தம். பிரெஞ்சில் சொன்னால் அவள் முடிவெடுத்துவிட்டாள்.

"காரை எடுங்கோ, இப்பவே போய்ச் சொல்லிப்போட்டு வருவம்" என்றாள் மனைவி.

அண்ணையின் வீடு கார்ட்டியர்வில்லில். கோட்-டெ-நெய்ஜில் எங்கள் அடுக்குமாடியிலிருந்து ஒன்பது கிலோமீட்டர், காரில் இருபது நிமிடம். ஆனால் அந்தக் கதவை நான் தட்டினால், அவர் தபாலில் போட்டதற்கு நான் தட்டம் தூக்கிக்கொண்டு போனதாகிவிடும். எனக்கு அண்ணை வேண்டும். மகளுக்காக மட்டுமில்லை, எனக்கும்தான் வேண்டும். ஆனால் நான் தோற்காமல் வேண்டும். அண்ணை சனிக்கிழமைகளில் மலையிலிருந்து சைக்கிளில் இறங்குகிறார், சீசன் பாஸ்கூட வைத்திருக்கிறார் என்று ஊருக்கே தெரியும். "ஐம்பத்துநாலு வயதிலை மனுசனுக்கு விசர்" என்று நானே சிரித்திருக்கிறேன். அங்கே தற்செயலாகக் கண்டதுபோல் கண்டு, போகிற போக்கில் சொல்லிவிடலாம் என்று யோசித்தேன். ஒன்பது கிலோமீட்டர் போகாமல் இருக்க நூற்றுப் பதினெட்டு கிலோமீட்டர் போன மடையன் நான்.

காலை 7.20க்கு வீட்டிலிருந்து வெளிக்கிட்டேன். நெடுஞ்சாலை 15இல் வடக்கே நேராக ஓட்டம். செயின்ட்-ஜெரோம் தாண்டும்வரை வாகன நெரிசல் இல்லை. கோப்பிக்கும் கழிப்பறைக்கும் ஒரு நிறுத்தம், கோப்பியும் மஃபினும் 6 டொலர் 40. 8.55க்குக் கார்த் தரிப்பிடத்தில் நின்றேன். தரிப்பிடம் இலவசம், அந்த நாளில் எனக்கு இலவசமாகக் கிடைத்தது அது ஒன்றுதான்.

லிப்ட் டிக்கெட் 64 டொலர். என்னிடம் இருப்பது ஆற்றங்கரையில் ஓடுகிற சாதாரணச் சைக்கிள், அதை இங்கே கொண்டுவந்தால் இரண்டாக முறிந்துவிடும். அதனால் வாடகைக்கு எடுத்தேன். முன்னும் பின்னும் தடித்த அதிர்வுதாங்கி உள்ள சைக்கிள், முகத்தை முழுதாக மூடும் ஹெல்மெட், முழங்கால், முழங்கை, நெஞ்சுக்கான கவசங்கள், எல்லாம் சேர்த்து 138 டொலர், வரி தனி. அடிபட்டால் பொறுப்பில்லை என்று ஒரு தாளில் கையெழுத்து வாங்குகிறார்கள். அரை மணி நேரம் முன்னதாகப் போங்கள், கவசத்துக்குள் புகுந்து வெளிவரவே அவ்வளவு நேரம் பிடிக்கும். கண்ணாடியில் என்னைப் பார்த்தேன். கறுப்பு நண்டு ஒன்று நிமிர்ந்து நின்றது.

பாதைகளுக்கு நிறம் உண்டு: பச்சை சுலபம், நீலம் நடுத்தரம், கறுப்பு கெட்டிக்காரருக்கு. பத்து மணிக்கு லிப்ட் தொடங்கியது. முதல் ஓட்டம் பச்சையில்தான் போனேன். சுலபம் என்று எழுதியவனைக் கண்டால் கேட்க எனக்கு நாலு கேள்வி இருக்கிறது. சரளைக்கல், வேர், மரப்பாலம், பிறகு சுவர்போல் சாய்த்துக் கட்டிய வளைவுகள். இருக்கையில் இருக்கக் கூடாது, மிதிகளில் எழுந்து நின்று இடுப்பைப் பின்னால் தள்ள வேண்டும் என்று வாடகைக்கடைப் பொடியன் காட்டித் தந்திருந்தான். நான் இருந்தேன். இருந்ததன் பலனை மூன்று நாள் அனுபவித்தேன். 3.2 கிலோமீட்டர் பாதை, எட்டு நிமிடத்தில் இறங்குவார்களாம். எனக்கு முப்பத்தைந்து நிமிடம், அதில் பாதி நடை.

கீழே வந்து, மூச்சு வாங்க, மறுபடி லிப்ட் வரிசையில் நின்றேன். அப்போது எனக்கு முன்னால் அண்ணை. அவர் முகமும் ஹெல்மெட்டுக்குள்தான். ஆனால் ஒரு காலை மடக்கி, கையை இடுப்பில் வைத்து நிற்கிற நிற்பை ஆயிரம் பேருக்குள்ளும் எனக்குத் தெரியும். சைக்கிள்களை முன்னால் போகும் கதிரையின் கொக்கிகளில் மாட்டிவிடுகிறார்கள், ஆட்கள் பின்னால் வரும் கதிரையில். பணியாளர் பெண் எங்கள் இருவரையும் பார்த்து இரண்டு விரலைக் காட்டினாள். "டெ?" இரண்டு பேரா என்று கேட்கிறாள். நான் தலையாட்டினேன். பக்கத்தில் வந்து இருந்ததும் அண்ணை என் பக்கம் திரும்பி, மரியாதையாக, "போன்ஜூர்" என்றார்.

மூன்று வருடத்துக்குப் பிறகு என் கூடப்பிறந்தவர் எனக்குச் சொன்ன முதல் சொல் அது.

ஹெல்மெட்டைக் கழற்றினேன். "அண்ணை, நான்தான்."

அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். கால் கீழே தொங்குகிறது, கீழே கற்பாறை. இரண்டு பேருக்கும் எழுந்து போக வழியில்லை. மேலே போக ஒன்பது நிமிடம்.

"எப்ப பழகினனி?"

"இண்டைக்குத்தான்."

"பிரேக்கை எத்தினை விரலாலை பிடிக்கிறாய்?"

"நாலாலையும்."

"மூக்கடிபட விழுவாய். ஒரு விரல் காணும். மற்ற விரலாலை ஹாண்டிலை இறுக்கிப் பிடி."

அந்தக் குரலைக் கேட்டதும் எனக்குத் துணிவு வந்தது. எல்லாம் சரியாகிவிட்டது என்றே நினைத்தேன், விசரன். நாலாவது கம்பத்தைத் தாண்டும்போது, காலநிலையைப் பற்றிச் சொல்வதுபோலச் சொன்னேன்: "அபிராவுக்கு வாற மாதம் கலியாணம், அண்ணை. வாங்கோவன்."

அவர் முன்னால் கொக்கியில் ஆடிக்கொண்டு போகும் எங்கள் இரண்டு சைக்கிள்களையும் பார்த்துக்கொண்டிருந்தார்.

"நான் தபாலிலை போட்டனான் எண்டு ஊரெல்லாம் சொன்னனி. நீ இப்ப தொங்கிற கதிரையிலை வைச்சுச் சொல்லுறாய்."

"கண்ட இடத்திலை..."

"நான் சனிக்கிழமையிலை இஞ்சை வாறதை உனக்கு ஆர் சொன்னது? நீ என்னைத் தேடித்தான் வந்தனி. ஆனா வீட்டை வரேல்லை." பிறகு, குரலை உயர்த்தாமல், மற்றதையும் சொன்னார். "அண்டைக்கு அண்ணி ஒப்பரேஷன் முடிஞ்சு ஆஸ்பத்திரியிலை. பெண்சாதி இல்லாமல் தனிய வந்து கலியாணம் சொல்லக் கூடாதெல்லோ, அதுதான் எல்லாருக்கும் தபாலிலை போட்டனான். கலியாண வீட்டிலை வருத்தக் கதை கதைக்கிறதோ எண்டு ஒருத்தருக்கும் சொல்லேல்லை. நீ கோவிச்சுக்கொண்டு எண்டாலும் ஒருக்கால் வந்து ஏனெண்டு கேப்பாய் எண்டு பாத்தனான்."

பிழை என்னுடையது என்று சொல்ல இதைவிட நல்ல இடம் எனக்குக் கிடைத்திருக்காது. ஓடித் தப்ப முடியாது, கேட்க வேறு ஆள் இல்லை. வாயைத் திறந்தேன். வந்தது இதுதான்: "ஒரு போன் எடுத்திருக்கலாம்தானே, அண்ணை."

"நீயும் எடுத்திருக்கலாம்."

மேலே வந்துவிட்டோம். அவர் பாதுகாப்புக் கம்பியை உயர்த்தி, இறங்கி, இரண்டு சைக்கிள்களையும் தானே எடுத்து, என்னுடையதை என் கையில் தந்தார். "வீட்டை வந்து சொல்லு. வாறன்." சொல்லிவிட்டுக் கறுப்புப் பாதைக்குள் இறங்கினார். ஐம்பத்துநாலு வயது உடம்பு, முதல் பாறையிலிருந்து காற்றில் எழும்பி, சத்தமில்லாமல் மண்ணில் இறங்கி, மரங்களுக்குள் மறைந்தது. நான் பச்சைப் பாதையில், ஒரு விரலால் பிரேக் பிடித்துக்கொண்டு இறங்கினேன். மூன்றாவது வளைவில் விழுந்து இடது தோள் கன்றிப்போனது. விழுந்த இடத்திலேயே கொஞ்ச நேரம் கிடந்தேன், தோள் நோவுக்காக மட்டும் அல்ல.

போக விரும்புகிறவர்களுக்கு: முதல்முறை என்றால் இரண்டு மணி நேர வகுப்பு எடுங்கள், 75 டொலர். என்னைப்போல் மிச்சம் பிடிக்க வேண்டாம். சொந்தமாகக் கையுறை கொண்டுபோங்கள், வாடகைக் கையுறையில் அடுத்தவர் வியர்வை இருக்கும். சாப்பாடு கட்டிக்கொண்டு போங்கள். அடிவாரத்தில் ஒரு பர்கரும் பொரித்த உருளைக்கிழங்கும் 23 டொலர். சனிக்கிழமை பதினொரு மணிக்குப் பிறகு லிப்டுக்கு இருபது நிமிட வரிசை, வார நாளில் போகலாம். மழை பெய்த மறுநாள் வேர்கள் வழுக்கும், போகவே வேண்டாம். கோப்பி, பெற்றோல், வரி எல்லாம் சேர்த்து எனக்கு 290 டொலருக்குக் கிட்ட முடிந்தது. தனியே போகாதீர்கள். விழுந்தால் தூக்க ஒரு ஆள் வேண்டும். விழ முதல், நீ செய்வது பிழை என்று சொல்லவும் ஒரு ஆள் வேண்டும்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை நானும் மனைவியும் தட்டத்தில் கார்ட்டை வைத்துக்கொண்டு கார்ட்டியர்வில்லுக்குப் போனோம். அண்ணை எழுந்து நின்று இரண்டு கையாலும் வாங்கினார். அண்ணி நன்றாக மெலிந்திருந்தார். தேத்தண்ணி தந்தார், பயற்றம் பணியாரம் தந்தார். மனைவி அண்ணியின் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். நான், கலியாண மண்டபத்தில் கார் விட இடம் தாராளம் என்று கதைத்தேன். இருபத்தைந்து நிமிடம் அங்கே இருந்தேன். மன்னியுங்கோ என்று சொல்ல அரை நிமிடம்கூடத் தேவையில்லை.

கலியாணத்துக்கு அண்ணை வந்தார். சொன்ன நேரத்துக்கு, அண்ணியோடு, கோட் போட்டு வந்தார். முறைப்படி அறுகரிசி போட்டு வாழ்த்தினார். அபிரா காலில் விழுந்தபோது தூக்கி நெற்றியில் கொஞ்சினார். பந்தியில் இருந்து சாப்பிட்டார். பிறகு படம் எடுக்கிறவர் "பெரியப்பா குடும்பம் வாங்கோ" என்று கூப்பிட்டபோது ஆளைக் காணவில்லை. நான் வேட்டியைப் பிடித்துக்கொண்டு கார்த் தரிப்பிடத்துக்கு ஓடினேன். அண்ணி முன் இருக்கையில் இருந்தார், கார் இயங்கிக்கொண்டிருந்தது. கண்ணாடியைத் தட்டினேன். அண்ணை இறக்கினார்.

"அண்ணை, படம் எடுக்கோணும். பிள்ளை பாத்துக்கொண்டு நிக்கிறாள்."

"நீ முறையாச் சொன்னனி, நான் முறையா வந்தனான்" என்றார். கோபமே இல்லாத குரல். "என்ரை பிள்ளையின்ரை கலியாண அல்பத்திலை சித்தப்பா இல்லை. அவள் இண்டைக்கும் அந்தப் பக்கத்தைப் பிரட்டேக்கை கேக்கிறவள், சித்தப்பா ஏன் வரேல்லை எண்டு. உன்ரை பிள்ளையும் கேக்கட்டும். நீ சொல்லு, ஏனெண்டு."

கண்ணாடி ஏறியது. நான் உள்ளே போனேன். மேடையில் அபிரா எனக்குப் பின்னால் இருந்த வாசலைப் பார்த்துக்கொண்டு நின்றாள். "பெரியப்பா எங்கை அப்பா?" என்று கேட்டாள். அண்ணிக்குக் களைப்பாம், போய்விட்டார்கள் என்று சொன்னேன்.