படகுத்துறைப் பெண் கையாட்டினாளா?

என் தம்பியை எங்கள் தெருவில் எல்லோரும் 'மானிட்டர்' என்றுதான் கூப்பிடுவார்கள். வகுப்புத் தலைவனாக இருந்ததால் வந்த பெயர் என்று நினைத்துவிடாதீர்கள். அவன் படித்த லட்சணத்துக்கு வாத்தியார் அவனைக் கரும்பலகை துடைக்கக்கூட விட்டதில்லை. அவனுடைய ரிப்பேர் கடை வாசலில் பழைய கம்ப்யூட்டர் மானிட்டர்கள் ஆள் உயரத்துக்கு அடுக்கியிருக்கும். பெயர் அங்கிருந்து வந்தது.

கடையின் முன்பக்கம் சோறு போடும் தொழில். எடை மெஷின், பில் அடிக்கும் மெஷின், எப்போதாவது ஒரு ரேடியோ. பின்னறையில்தான் அவன் உயிர் இருந்தது. அங்கே ஒரு நீள மேசையில் வகைவகையான பழைய கம்ப்யூட்டர்கள், ஒவ்வொன்றுக்கும் ஒரு திரை. எல்லாவற்றிலும் ஓடுவது ஒரே விளையாட்டு. அதுவும் முழு விளையாட்டு இல்லை, ஆரம்பக் காட்சி மட்டும். ஆளுக்கு ஒரு கிறுக்கு இருக்கும், ஒத்துக்கொள்கிறேன். அதற்காக வாழ்நாள் முழுக்க ஒரே காட்சியைப் பார்க்கிறவனை என்னவென்று சொல்ல?

காட்சி இதுதான். இருட்டுக் கடல். இடப்பக்கமிருந்து ஒரு படகு வரும். வலப்பக்கம் படகுத்துறை. அதன் நுனியில் கையில் விளக்கோடு ஒரு பெண் நிற்பாள். பாட்டு முடியும்போது படகு கரை சேரும். ஏதாவது ஒரு விசையை அழுத்தச் சொல்லி எழுத்து வரும். அழுத்தினால் தீவுக்குள் இறங்கிப் புதையல் தேடப் போகலாம். இதே விளையாட்டை ஒவ்வொரு வகைக் கம்ப்யூட்டருக்கும் தனித்தனியாகச் செய்து விற்றிருக்கிறார்கள். அதனால் ஒன்றில் கடல் பச்சை, ஒன்றில் ஊதா. ஒன்றில் பாட்டு ஒரு வாத்தியக் கோஷ்டியே வாசிப்பதுபோல் இருக்கும். நாங்கள் சிறுபிள்ளைகளாக இருந்தபோது அப்பா வாங்கிவந்த மெஷினிலோ, கொசு காதுக்குள் புகுந்த மாதிரி ஒரு ரீங்காரம்தான். அதற்குக் 'கொசு மெஷின்' என்றே பெயர் வைத்துவிட்டோம்.

நாங்கள் மூன்று பேர். மூத்தவள் நான். நடுவில் மானிட்டர். கடைசியில் ஒரு பொடியன். டேப் ரெக்கார்டரில் கேசட்டைப் போட்டு, அது கீச்சுக்கீச்சென்று கத்தி முடித்தால்தான் டிவியில் விளையாட்டு வரும். விசைப்பலகையைத் தொடும் உரிமை மானிட்டருக்கு மட்டும். நடுவில் அம்மா சாப்பிடக் கூப்பிட்டால், "எதையாவது தொட்டே, கையை ஒடிச்சிடுவேன்" என்று பொடியனை மிரட்டிவிட்டுப் போவான். பாவம், அந்தப் பிள்ளை இரண்டு கையையும் கட்டிக்கொண்டு டிவி முன்னால் காவல் இருக்கும்.

ஒருநாள் பொடியன் சமையலறைக்கு ஓடிவந்தான். "அண்ணா, அவ கையை ஆட்டினா!"

"எவடா?"

"வெளக்கு வெச்சிருக்கவ!"

மானிட்டர் எச்சில் கையோடு போய்க் கேசட்டை முதலிலிருந்து ஓட்டினான். படகு வந்தது, பாட்டு முடிந்தது, எழுத்து வந்தது. அவள் அசையவில்லை. "கொஞ்சம் இரு அண்ணா, கொஞ்சம் இரு" என்று பொடியன் சட்டையைப் பிடித்து இழுத்தான். "எதுக்கு இருக்கணும்? இன்னொரு பொய் யோசிக்கவா? போடா பொய்க்காரா!" என்று சொல்லி மானிட்டர் விசையைத் தட்டிவிட்டான். பொடியன் அழுதுகொண்டே போய்ப் படுத்தான். இருவரும் பேசிக்கொள்ளவில்லை. பிள்ளைகள் சண்டைதானே, விடிந்தால் சரியாகிவிடும் என்று நாங்களும் விட்டுவிட்டோம்.

அந்த வாரமே பொடியனுக்குக் காய்ச்சல் கண்டது. மருத்துவமனைக்குத் தூக்கிக்கொண்டு ஓடினோம். உயிரோடு திரும்பவில்லை. ஒன்பது வயது. அண்ணன் அவனிடம் கடைசியாகச் சொன்ன வார்த்தை 'பொய்க்காரா'. சொன்னவனுக்கு எப்படி இருந்திருக்கும்?

அதற்குப் பிறகு மானிட்டர் யாரையும் பொய் சொல்கிறாய் என்று சொன்னதே கிடையாது. மெஷினைத் தரையில் போட்டு உடைத்துவிட்டு "தானா நின்னு போச்சுங்க" என்று சாதிக்கிறவனிடம்கூட "இருக்கும்" என்பான். ஊரே அவன் தலையில் மிளகாய் அரைத்தது. நான் கரடியாய்க் கத்துவேன். காதில் வாங்கினால்தானே? பெண் பார்க்கக் கூட்டிப்போனால் அந்த வீட்டுப் பரணில் பழைய கம்ப்யூட்டர் இருக்கிறதா என்று கேட்பான். கல்யாணம் எங்கே நடக்கும்?

தம்பி சொன்னது பொய் இல்லை என்று தனக்குத் தெரிய வேண்டும். அவனுக்கு அது ஒன்றுதான் வேண்டியிருந்தது. கொசு மெஷினில் இல்லை என்றால், எந்தத் தோழன் வீட்டிலோ வேறு மெஷினில் பார்த்ததை எங்கள் வீட்டில் பார்த்ததாக நினைத்துச் சொல்லியிருப்பான் என்று ஒவ்வொன்றாகத் தேடி வாங்கினான். வரிசையாக ஓடவிட்டுக் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்ப்பான். எழுத்து வந்ததும் பட்டென்று அணைத்துவிடுவான். பழைய மெஷின்கள், சூடேறினால் உள்ளே ஏதாவது கருகிவிடும், மாற்றுச் சாமான் கிடைக்காது என்பான்.

ஒருமுறை மனசு கேட்காமல் நானே சொன்னேன். "டேய், எனக்கு இப்பத்தான் ஞாபகம் வருது. நானும் அப்பவே பார்த்தேன். ஒரு கையில வெளக்கு, இன்னொரு கையை ஆட்டினா." அவன் என்னையே பார்த்தான். "இல்லக்கா. அவன் அப்படிச் சொல்லல. விடு" என்றான். அப்புறம் எப்படித்தான் சொன்னான் என்று கேட்டேன். திரும்பி அடுத்த மெஷினைப் போட்டான்.

பிறகு அவனுக்குக் கண் போயிற்று. கண்ணுக்குள் அழுத்தம் ஏறி நரம்பு செத்துவிட்டது, இனி ஒன்றும் செய்வதற்கில்லை என்று டாக்டர் சொல்லிவிட்டார். ஓரத்திலிருந்து இருட்டிக்கொண்டே வந்து, கடைசியில் வெளிச்சம் இருக்கிறதா இல்லையா என்பது மட்டும்தான் தெரிந்தது. விரலால் தடவித் தடவியே எடை மெஷினை ரிப்பேர் செய்யக் கற்றுக்கொண்டான். ஆனால் படகுத்துறையைத் தடவிப் பார்க்க முடியுமா? அதற்கு நான் வேண்டியிருந்தது. எனக்குத் தையல் தொழில், ஊசியில் நூல் கோக்க இன்றுவரை கண்ணாடி போட்டதில்லை. மத்தியானம் ஆனால் என்னைப் பின்னறையில் உட்காரவைத்துவிடுவான்.

"இடது பக்கம் இருக்கற மெஷின்ல என்னக்கா தெரியுது?"

"அதே மகராசிதான். சேலை நீலம்."

"அது சேலை இல்ல, போர்வை."

"ஏதோ ஒண்ணு. இங்க நீலம், அங்க சாம்பல். கொசு மெஷின்ல கட்டம்கட்டமா இருக்கா, மூக்கே இல்ல. போதுமா?"

"கை?"

"கை அப்படியே இருக்குடா, என் அப்பனே."

போன மழைக்காலத்தில் ஒரு மத்தியானம் கொசு மெஷினை ஓட்டிக்கொண்டிருந்தோம். எழுத்து வந்த நேரம் பார்த்து, காய்கறிக் கடைக்காரர் எடை மெஷினைத் தூக்கிக்கொண்டு வந்து முன்பக்கம் சத்தம் போட்டார். "இதோ வந்துட்டேன். எதையும் தொடாத அக்கா" என்று சுவரைத் தடவிக்கொண்டே போனான். தொடவா போகிறேன்? முன்பு ஒருமுறை அணைக்கிறேன் என்று எதையோ பிடுங்கி அவனிடம் வாங்கிக் கட்டிக்கொண்டது போதாதா? பையில் இருந்த பாவாடையை எடுத்துத் தையல் பிரித்துக்கொண்டிருந்தேன். கடைக்காரர் தன் வீட்டுக் கதையெல்லாம் பேசி முடிக்கிற மாதிரி இல்லை.

எதற்கோ நிமிர்ந்தேன். படகுத்துறைப் பெண் குனிந்துகொண்டிருந்தாள். விளக்கைப் பலகைமேல் வைத்தாள். நிமிர்ந்து, இரண்டு கையையும் தலைக்குமேல் தூக்கி ஆட்டினாள். ஆட்டிவிட்டு விளக்கை எடுத்துக்கொண்டு பழையபடி நின்றாள்.

என் மடியிலிருந்த பாவாடை கீழே விழுந்தது. கையைக் கட்டிக்கொண்டு இதே திரைக்கு முன்னால் உட்கார்ந்திருந்த பிள்ளை கண்முன் வந்தான். தொடாதே என்று சொன்ன சொல்லைக் காப்பாற்றி, விசையைத் தட்டாமல் அத்தனை நேரம் காத்திருந்ததால்தானே கண்ணே, உனக்கு மட்டும் தெரிந்தது!

"டேய்! இங்க வாடா!" என்று நான் போட்ட சத்தத்தில் மானிட்டர் கதவில் இடித்துக்கொண்டே ஓடிவந்தான். கருகிவிட்டதா என்று கேட்டுக்கொண்டு மூக்கால் மோப்பம் பிடித்தான்.

"அவ கையை ஆட்டினாடா."

அவன் முகம் சுருங்கியது. "அக்கா, வேணாம். உனக்குப் புண்ணியமாப் போகும்."

"வெளக்கைக் கீழ வெச்சாடா. கீழ வெச்சுட்டு ரெண்டு கையையும் ஆட்டினா."

அவன் அப்படியே மேசையைப் பிடித்துக்கொண்டான். "அன்னிக்குக் கேசட் ஓடறப்ப என் காதுல, வெளக்கைக் கீழ வெச்சான்னுதான் சொன்னான்" என்றான். "நான் யார்கிட்டயும் அதைச் சொன்னதில்லக்கா. வெளக்கைக் கீழ வெச்சுட்டு ரெண்டு கையாலயும் ஆட்டினா அண்ணான்னு சொன்னான்."

நாற்காலியைத் தடவி உட்கார்ந்தான். திரையின் கண்ணாடிமேல் உள்ளங்கையை வைத்தான். அந்தக் கண்ணுக்குப் பார்க்கத்தான் தெரியாது, அழத் தெரிந்தது. "இருன்னு சொன்னானே அக்கா. கொஞ்சம் இருன்னுதானே சொன்னான். நான் இருக்கலியே." நானும் வாய்விட்டு அழுதேன். முன்பக்கம் காய்கறிக் கடைக்காரர் கூப்பிட்டுப் பார்த்துவிட்டுப் போய்விட்டார்.

மெஷின் மேல்மூடி கொதித்தது. பிளாஸ்டிக் காய்கிற வாசனை வந்தது. அணைத்துவிடுகிறேன் என்று எழுந்தேன். என் முந்தானையை எட்டிப் பிடித்துக்கொண்டான்.

"கொஞ்சம் இரு அக்கா, கொஞ்சம் இரு."

அவன் பக்கத்தில் உட்கார்ந்தேன். அவள் மறுபடியும் குனிந்தபோது, "இப்ப வெளக்கை வெக்கிறா" என்று சொன்னேன்.