காலி அட்டைகள்

கோத்தகிரிப் பக்கம் ஓர் ஆரம்ப சுகாதார நிலையத்தில் நான் நர்ஸ். சொந்த ஊர் கோயம்புத்தூர். எனக்கு வாய் கொஞ்சம் நீளம். நோயாளிகளுக்கு அது நன்றாகவே தெரியும். பிரஷர், சர்க்கரைக்காரர்கள் மாதா மாதம் வரும்போது, சாப்பிட்டு முடித்த காலி மாத்திரை அட்டையைக் காட்டினால்தான் அடுத்த அட்டை கொடுப்பேன். அது நானே போட்ட சட்டம்.

ஒரு மாதம்கூடத் தவறாமல் காலி அட்டை கொண்டுவந்தவர், தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து எடுக்கும் ஓர் அக்கா. சின்ன வயதில் இலங்கையிலிருந்து வந்தவர். என்னை ‘மிஸ்ஸி’ என்பார். அங்கிருந்து வந்தவர்களுக்கு நர்ஸ் என்றால் மிஸ்ஸிதான். அட்டை காலியானது, பிரஷர் மட்டும் இறங்கவில்லை. உப்பு, கருவாடு என்று அவருடைய சோற்றுத் தட்டைச் சந்தேகப்பட்டு இரண்டு வருடம் திட்டித் தீர்த்தேன். டாக்டர் மாத்திரையைக் கூட்டினார். அடுத்த மாதம் பிரஷர் நூற்றுத் தொண்ணூறைத் தாண்டியிருந்தது. எப்போது வேண்டுமானாலும் பக்கவாதம் வரலாம் என்றார் டாக்டர். அக்கா தலையாட்டிவிட்டு, தோட்டத்துக்காரர்கள் வரிசையாகக் குடியிருக்கும் லைன் வீட்டுக்குப் போய்விட்டார். தூக்கம் போனது எனக்கு.

மறுவாரம் பிரஷர் கருவியைப் பையில் போட்டுக்கொண்டு அவர் வேலை செய்யும் சரிவுக்கே போனேன். மூடுபனி இறங்கியிருந்தது. முன்னால் இரண்டு செடி தெரியும், அதற்கப்புறம் வெறும் வெள்ளை. அந்த வெள்ளைக்குள்ளிருந்து பெண்களின் பேச்சும் சிரிப்பும் வந்தன. ஆள் யாரும் தெரியவில்லை. எந்தப் பக்கம் மேடு, எந்தப் பக்கம் பள்ளம் என்றே புரியாமல் குரலைப் பிடித்துக்கொண்டு நடந்தேன். நேரம் நின்றுபோனதோ என்றிருந்தது. திடீரென ஒரு கை வந்து என் கையைப் பிடித்தது. அக்காதான்.

குளிருக்கு வழியில் இரண்டு டம்ளர் டீ குடித்திருந்தேன். கொஞ்ச நேரத்தில் மூடுபனி விலகியது, எனக்கோ அடிவயிறு முட்டிவிட்டது.

“ஏனுங்க அக்கா, இங்க பாத்ரூம் எங்கீங்க?”

சுற்றிலும் சிரிப்பு. மேலே சோலைக்காட்டில் காட்டெருமை நின்றது, கீழே ஆண்கள் மருந்தடித்துக்கொண்டிருந்தார்கள். கடைசியில் மூன்று பெண்கள் ஈரம் படாமலிருக்க இடுப்பில் கட்டியிருந்த படங்குச் சாக்கை அவிழ்த்து, என்னைச் சுற்றி மறைத்துப் பிடித்தார்கள். அந்த மறைவுக்குள் குந்தியிருந்தபோது வெட்கத்தில் கண்ணில் நீர் வந்துவிட்டது.

திரும்பி வந்ததும் அக்கா மெதுவாகச் சொன்னார்: “ஒரு தடவைக்கே ஒனக்கு இப்பிடி மிஸ்ஸி. அந்த மாத்திரையப் போட்டா எனக்கு அரை மணிக்கு ஒருக்கா வரும். மலைக்கு வேலைக்கு வார நாள்ல எப்பிடிப் போடுறது? ஞாயித்துக்கெழம மட்டும் போடுவேன்.”

“அப்ப காலி அட்டை?”

“கொண்டு வராட்டி நீ ஏசுவியே. அதான் எல்லாத்தையும் பிதுக்கி எடுத்து டப்பாவுல போட்டு வச்சிருக்கேன். அரசாங்கத்து மருந்து, வீசலாமா?”

எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. அது அவர் மேல் இல்லை. உடம்பில் சேர்ந்த நீரை வெளியேற்றும் மருந்து அது. காலையில் போடுங்கள் என்று சொல்லிச் சொல்லிக் கொடுத்தவள் நான். சாப்பிடாத மருந்தைத்தான் பலிக்கவில்லை என்று கூட்டியிருக்கிறோம்.

அங்கிருந்தே டாக்டருக்குப் போன் செய்தேன். அவர் பழைய அளவுக்கே குறைத்தார். வேலை முடிந்து நாலு மணிக்கு வீட்டுக்கு வந்ததும் போடச் சொன்னார். அடுத்த மாதம் பிரஷர் நூற்று முப்பத்தாறு. கருவியை நம்பாமல் இன்னொரு முறை கட்டிப் பார்த்தேன். அதேதான்.

“ரெண்டு வருசமா உங்களத் திட்டீட்டேனுங்க அக்கா. மன்னிச்சிருங்க” என்றேன்.

அவர் சேலைத் தலைப்பைச் சரிசெய்துகொண்டே எழுந்தார்.

“நீ ஏசுனதுல ஒண்ணுமில்ல மிஸ்ஸி. வேலை நாள்ல அந்த மாத்திரையப் போட முடியுதான்னு ஒரு வார்த்த கேட்டிருந்தா, அன்னைக்கே சொல்லியிருப்பேன்.”