பொம்மையோடு ஆலந்தலைக்கு

இந்தப் பதிவில் வருபவை:

1. எதற்காகப் போனேன், எப்படிப் போனேன்.
2. முகாமில் நடந்ததும் எனக்கு விளங்காததும்.
3. கடலுக்குப் போகும் ஆண்கள் வராவிட்டால் இத்தகைய முகாம் வீண் என்பது.
4. இனி போகிறவர்களுக்குச் சில குறிப்புகள்.

முகாம் நடந்துகொண்டிருந்தபோதே கூடத்தின் ஓரத்தில் உட்கார்ந்து எழுதிய பட்டியல் இது. வீட்டுக்கு வந்தபின் திருத்தலாமா என்று யோசித்தேன். திருத்தவில்லை.

அவசர மருத்துவர்கள் சங்கமொன்றின் தென் மாவட்டக் கிளையில் நான் ஓர் உறுப்பினர். மயக்க மருந்துப் பாடம் நடத்தி ஓய்வு பெற்றவன். அவசரப் பிரிவில் வேலை பார்த்தவன் அல்ல. என்னை ஏன் சேர்த்துக்கொண்டார்கள் என்பது எனக்கே சரியாகத் தெரியாது. ஜனவரிக் கடைசியில் கிளைச் செயலாளர் டாக்டர் நஸ்ரின் தொலைபேசியில் அழைத்தார். காயல்பட்டினத்துக்காரர், தூத்துக்குடியில் ஒரு தனியார் மருத்துவமனையின் அவசரப் பிரிவில் இருக்கிறார். ஆலந்தலை மீனவர்களுக்கு முதலுதவிப் பயிற்சி வைத்திருப்பதாகச் சொன்னார். எனக்கு இரண்டு வேலைகள். நெஞ்சை அழுத்திப் பழகும் பொம்மையை மதுரையிலிருந்து கொண்டுவர வேண்டும். கடற்கரை முகாம்களைத் தொடரலாமா, நிறுத்தலாமா என்று பார்த்துக் கருத்துச் சொல்ல வேண்டும். கிளைக்கு இருப்பது ஒரே பொம்மை. அது உறுப்பினர் வீடுகளில் முறைவைத்துத் தங்கிவருகிறது. அப்போது என் முறை.

வெள்ளிக்கிழமை பகல் ஒரு மணிக்கு மாட்டுத்தாவணியில் பேருந்து ஏறினேன். தூத்துக்குடிக்கு மூன்று மணி நேரம். பொம்மையின் பை மேல் தட்டில் நுழையவில்லை என்பதால் பக்கத்து இருக்கையில் சாய்த்து வைத்தேன். அந்தப் பையின் ஜிப் பாதியில் நின்றுவிடும். முகம் வெளியே தெரிந்தது.

"தூங்குறவருக்கும் டிக்கெட் எடுக்கணும் சார்" என்றார் நடத்துநர்.

விளக்கினேன். குனிந்து பார்த்துவிட்டு, "அப்ப லக்கேஜ்தான். எறங்குறப்ப மறந்துட்டுப் போயிராதீங்க. நான் யாருக்குன்னு பதில் சொல்றது?" என்றார்.

அன்று மாலை கிளைக் கூட்டம். வந்தவர்களை எண்ண இரண்டு கை விரல்கள் போதும். மற்றவர்கள் எல்லாரும் பணியில் இருந்தார்கள். அவசரப் பிரிவு மருத்துவர்களைக் கூட்டம் சேர்ப்பதில் உள்ள சிக்கல் இது: ஒருவர் வந்தால் அவர் இடத்தில் இன்னொருவர் நிற்க வேண்டும். ஞாயிறு அவர்களுக்கு நோயாளிகள் மிகுந்த நாள். அதனால்தான் முகாம் சனிக்கிழமைக்கு வைக்கப்பட்டிருந்தது.

சனிக்கிழமை காலை ஏழே முக்காலுக்குத் தூத்துக்குடி பழைய பேருந்து நிலையத்தில் திருச்செந்தூர் பேருந்து. சுமார் நாற்பது கிலோமீட்டர். ஒரு மணி நேரத்துக்குச் சற்று மேல் ஆகும். ஆறுமுகநேரி உப்பளங்கள் வரும்போது இடது பக்கம் வெயில் அடிக்கும், வலது பக்கம் உட்காருங்கள். திருச்செந்தூரிலிருந்து ஆலந்தலைக்கு ஆட்டோவில் நூற்றைம்பது ரூபாய் கொடுத்தேன். அது சரியான கட்டணமா என்று இப்போதும் தெரியவில்லை.

"மீனவர்களுக்கா கிளாஸு? இன்னைக்கா?" என்றார் ஓட்டுநர். "எவன் இருப்பான் அண்ணாச்சி? எல்லாவனும் கடலுக்குல்லா போயிருப்பான். ஞாயித்துக்கெழமைதான் பூசைக்குன்னு கரையில கெடப்பானுவ. நாள் குறிச்சது யாரு?"

நான் குறிக்கவில்லை. ஆனாலும் எனக்குத்தான் முகம் சுருங்கியது.

அவர் சொன்னது போலவே இருந்தது. தேவாலயத்தை ஒட்டிய பங்குக் கூடத்தில் முப்பது பெண்கள் உட்கார்ந்திருந்தார்கள். ஓர் ஆண்கூட இல்லை. இன்னொரு மருத்துவரோடு முன்பே வந்திருந்த நஸ்ரின் சற்றும் கலங்காமல் பொம்மையை விரிப்பில் கிடத்திப் பாடத்தைத் தொடங்கினார். ஒரு பெண் ஓங்கி ஓங்கி அழுத்தினார்.

"ஏளா, மெதுவா. பொழைக்க வைக்கணும்" என்றார் பக்கத்திலிருந்தவர்.

"எங்க வீட்டுக்காரவியள நெனச்சுக்கிட்டேன், கை தன்னால வேகமாப் போவுது."

கூடமே சிரித்தது. நான் ஓரமாக உட்கார்ந்து மேலே உள்ள பட்டியலை எழுதினேன். கடலில் விழுகிறவரும் ஆண், தூக்குகிறவரும் ஆண். பெண்கள் பழகி யாரைக் காப்பாற்றப் போகிறார்கள்? மூன்றாவது வரியின்கீழ் ஒரு கோடும் போட்டேன்.

அப்போது ஒரு பெண் என் அருகே வந்து தரையில் உட்கார்ந்தார். பெயர் ரெக்ஸ்லின் என்று பிறகு தெரிந்தது.

"டாக்டரய்யா, முங்கி எடுக்கிறவியளுக்குக் காலு மரத்துப் போனா, மறுக்கா தண்ணிக்குள்ள போனா சரியாயிருமா?"

யாருக்கு என்று கேட்டேன். சுற்றிப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். கணவர் கில்பர்ட் தூத்துக்குடியில் சங்கு குளிப்பவர். படகிலுள்ள கம்ப்ரசரிலிருந்து குழாயில் காற்று வரும், அதை வாயில் கடித்துக்கொண்டு அடியில் வேலை செய்பவர். வியாழக்கிழமை மேலே வந்தபோது முட்டியில் வலி. இரவுக்குள் இரண்டு கால்களும் மரத்துவிட்டன. வாடகைக் காரில் வீட்டுக்கு வந்து, காய்ச்சல் என்று தெருவில் சொல்லிவிட்டுப் படுத்திருக்கிறார்.

"போன தடவ கையி இப்பிடித்தான் இருந்துச்சு. மறுநா முங்குனாவ, எடுத்துருச்சு. திங்கக்கெழம போறேன்னு சொல்லுதாவ. போவட்டுமா, வேண்டாமா?"

இதை நான் பல ஆண்டுகள் வகுப்பில் நடத்தியிருக்கிறேன். அதிக அழுத்தத்தில் காற்றைச் சுவாசித்தால் நைட்ரஜன் உடம்பில் கரையும். வேகமாக மேலே வந்தால் குமிழியாகும். சோடா மூடியைத் திறந்தது போல. கரும்பலகை முன் எனக்குச் சந்தேகமே வந்ததில்லை. ஆனால் அப்படி ஒரு நோயாளியை நான் கண்ணால் பார்த்ததில்லை. அவருடைய கை சரியானது உண்மையென்றால் நான் என்ன சொல்வது?

"அதாவது, சில நேரங்களில்..." என்று தொடங்கினேன்.

"ஐயா, போவட்டுமா, வேண்டாமா?"

"வேண்டாம்" என்றேன். சொன்ன பிறகுதான் சொல்லிவிட்டேன் என்பது உறைத்தது.

நஸ்ரினிடம் சொன்னேன். அவர் பாடத்தை உடன் வந்த மருத்துவரிடம் விட்டுவிட்டு, காட்சிக்காக வைத்திருந்த ஆக்சிஜன் சிலிண்டரைத் தூக்கிக்கொண்டார். மூன்று தெரு தள்ளி வீடு.

"ஏளா, ஊரையே கூட்டியாந்துட்டியா?" என்றார் கில்பர்ட், கட்டிலில் இருந்தபடி. "சம்மாட்டிக்குத் தெரிஞ்சா என்னய போட்டுல ஏத்துவாரா?" சம்மாட்டி என்பவர் படகின் சொந்தக்காரர்.

நஸ்ரின் சாவியின் முனையால் அவர் பாதத்தைத் தொட்டார். கில்பர்ட்டுக்குத் தெரியவில்லை. "ஒண்ணுக்குப் போனியளா?" என்று நஸ்ரின் கேட்டார். காலையிலிருந்து போகவில்லை. நஸ்ரின் என்னைப் பார்த்தார். குமிழி தண்டுவடத்தைத் தாக்கியிருக்கிறது என்று எங்கள் இருவருக்கும் புரிந்தது.

"ஒரு மட்டம் கீழ போயிட்டு வந்தா எடுத்துரும் டாக்டர். எல்லாரும் செய்யிறதுதான்."

நஸ்ரின் பதில் சொல்வார் என்று காத்திருந்தேன். அவர் கில்பர்ட்டுக்கு ஆக்சிஜன் முகமூடியைப் பொருத்திக்கொண்டிருந்தார். நான்தான் பேச வேண்டியிருந்தது.

"கீழே போனால் குமிழி சுருங்கும், நன்றாகத்தான் இருக்கும். ஆனால் அங்கே இருக்கும் நேரமெல்லாம் இன்னும் காற்று உடம்பில் ஏறும். கீழேயே இருந்துவிட முடியாது. மேலே வர வேண்டுமே."

ரெக்ஸ்லின்தான், "கேட்டியளா? மேல வரணும்லா" என்றார்.

அடுத்தது, எங்கே அனுப்புவது. இதற்கு மருந்து அழுத்த அறை: நோயாளியை உள்ளே வைத்துக் காற்றழுத்தத்தை ஏற்றி, பிறகு மெல்ல மெல்லக் குறைப்பார்கள். அது எங்கே இயங்குகிறது என்று தொலைபேசியில் மூன்று மருத்துவர்களிடம் கேட்டேன். மூன்று ஊர்களைச் சொன்னார்கள். முந்தைய நாள் கூட்டத்தில் இரண்டு மணி நேரம் கிளையின் பெயர்ப்பலகையைப் பற்றிப் பேசினோம். இதை ஒருவரும் கேட்கவில்லை, நான் உட்பட. கடைசியில், ஆக்சிஜனை நிறுத்தாமல் முதலில் தூத்துக்குடிக்குக் கொண்டுபோவது, போகிற வழியில் நஸ்ரின் விசாரிப்பது என்று முடிவாயிற்று. 108 வண்டி வந்தது.

ரெக்ஸ்லின் ஏறும் முன் அவரிடம் கேட்டேன்: "இன்று ஆண்கள் எல்லாரும் வந்திருந்தால் இவரைக் கூடத்துக்குக் கூட்டி வந்திருப்பீர்களா?"

"அவிய வந்திருக்கவே மாட்டாவ. நானும் வாயத் தொறந்திருக்க மாட்டேன் ஐயா. சாயங்காலத்துக்குள்ள சம்மாட்டி காதுக்குப் போயிருக்கும்."

பத்து நாள் கழித்து நஸ்ரின் பேசினார். அழுத்த அறை வேறு மாவட்டத்தில் கிடைத்தது. கில்பர்ட்டுக்குச் சிறுநீர் தானாகப் போகிறது. வலது காலில் உணர்ச்சி வந்திருக்கிறது. இடது கால் இன்னும் இழுக்கிறது, சுவரைப் பிடித்து நடக்கிறார். மீண்டும் கடலுக்குள் இறங்குவாரா என்று கேட்டேன். அதை ரெக்ஸ்லினிடம்தான் கேட்க வேண்டும் என்றார்.

இனி போகிறவர்களுக்கு: பொம்மைக்கு லக்கேஜ் டிக்கெட் எடுங்கள். சிலிண்டர் காட்சிக்கென்றாலும் நிரப்பியே கொண்டுபோங்கள். அழுத்த அறை எங்கே திறந்திருக்கிறது என்று கிளம்பும் முன் பேசி உறுதிசெய்யுங்கள்; பழைய எண்ணை நம்ப வேண்டாம். ஆலந்தலையில் மதியச் சாப்பாட்டுக்குக் கடை தேடி அலைந்தேன், திருச்செந்தூரிலேயே முடித்துவிடுங்கள். ஆண்களுக்கு ஒரு ஞாயிறு தனியாக வையுங்கள். சனிக்கிழமையை மட்டும் எடுத்துவிடாதீர்கள்.

கிளைக்கு, தொடரலாம் என்று எழுதிக் கொடுத்துவிட்டேன். பட்டியலில் மூன்றாவதை நான் கடைசிவரை நிறுவவில்லை என்பதை வாசகர்கள் கவனித்திருப்பார்கள். கோடு போட்டு எழுதியது அது ஒன்றைத்தான். அதுதான் தவறு.