கூவுக்கு நான் எழுதிய ரிப்போர்ட்

1. கழுத்துக் கயிறு

வேலைக்குப் போன முதல் நாளே இருபத்திரண்டு பேர் சேர்ந்து எனக்குக் கூ அடித்தார்கள்.

ஐம்பதுகளின் நடுப்பகுதி. கல்முனைக்கு மேற்கே வயற்பக்கம் அரசாங்கம் ஒரு மதகு கட்டிக்கொண்டிருந்தது. சைட் ஒபிஸில் எனக்குக் கிளாக்கர் வேலை. கொழும்பிலிருந்து வந்த எஞ்சினியருக்குத் தமிழ் தெரியாது. அவர் பேச்சைத் தமிழாக்குவதும் ஆட்களின் பேச்சை இங்கிலீசாக்குவதும் என் பொறுப்பு. வெள்ளைக் காற்சட்டை, கழுத்தில் டை, தறிக்காரர் ஊரான மருதமுனையிலிருந்து சைக்கிள். அப்படிப் போய் இறங்கினேன்.

ஆட்கள் எல்லாரும் பாலமுனைக்காரர், கரைவலை இழுக்கிறவர்கள். மாரியில் கடல் கொந்தளிக்கும். வலை போட முடியாது. அந்த இரண்டு மூன்று மாதத்துக்கு மண் வேலைக்கு வந்திருந்தார்கள். படுக்க ஒரு நீளத் தகரக் கொட்டகை. அதைப் பரக் என்பார்கள். பட்டாளத்தான் படுக்கிற இடத்தின் பெயரை மண் சுமக்கிறவன் படுக்கிற இடத்துக்கும் வைத்திருந்தார்கள். மழைக்கு உள்ளேயும் ஒழுகும். ஆனாலும் கூரை கூரைதான்.

அவர்களுக்கு மூத்தவர் ஆதம்பாவா. வயது ஐம்பது இருக்கும். என் டையைப் பார்த்துவிட்டு மண்வெட்டியை ஊன்றி நின்றார்.

"கயித்தோட வந்திரிக்கி. ஆருட பட்டியில இருந்து அவுத்துக்கிட்டு வந்த?"

அவ்வளவுதான். இருபத்திரண்டு வாயும் ஒன்றாகக் கூ அடித்தன. நான் ஒபிஸுக்குள் போய் டையைக் கழற்றி மேசை லாச்சிக்குள் வைத்தேன். கோபத்தை வைக்க லாச்சி இல்லை. அதை மூன்று கிழமை சுமந்தேன்.

2. எஞ்சினியர் விழுந்தார்

மதகுக் குழிக்குக் குறுக்கே ஒரு பலகை கிடந்தது. மழை நாளில் அதில் நடக்க வெறுங்கால் வேண்டும். எஞ்சினியர் சப்பாத்தோடு ஏறினார். நடுப்பலகையில் கால் வழுக்கி, இடுப்பு வரைக்கும் களிச் சேற்றுக்குள் போனார்.

ஆட்கள் கூ அடித்தார்கள். எனக்கு அடித்ததைவிடப் பெரிய கூ. அடித்துவிட்டு, எதையோ எதிர்பார்க்கிறவர்கள் மாதிரி அவர் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார்கள். அவர் எழும்பி நேரே ஒபிஸுக்கு வந்தார். நடந்ததை எழுதித் தரச் சொன்னார்.

இளம் கிளாக்கர்மாரே, இதைக் கவனியுங்கள். இங்கிலீசில் கூவுக்கு ஒரு கூடை சொல் இருக்கிறது. ஜீர், ஹூட், மொக் என்று பல. கிரிக்கெட் பார்க்கிற சனம் விளையாடுகிறவனை நக்கலடிப்பதற்குத் தனியாக ஒரு சொல், அதுவும் பரக் என்கிற அதே சொல்தான். தங்க வைக்கவும் அதுதான், நக்கலடிக்கவும் அதுதான். வெள்ளைக்காரனுக்குச் சொல் பஞ்சமா என்னவோ. நம்மிடம் பகிடி, நக்கல், நையாண்டி, நெளிப்பு என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு அளவு உண்டு. அன்று நடந்தது பகிடி. எனக்கு அது தெரியும்.

தெரிந்தும் நான் அப்படி எழுதவில்லை. 'ஆட்கள் கூட்டமாகச் சேர்ந்து, மேலதிகாரியை மிரட்டும் விதமாகக் கூச்சலிட்டனர்' என்று நல்ல இங்கிலீசில் எழுதினேன். சந்தோசமாகக்கூட இருந்தது.

எஞ்சினியர் வாசித்தார். நாளைப் பின்னேரம் நாலு மணிக்குள் பரக் காலியாக வேண்டும், ஆட்கள் எல்லாரும் வேலையை விட்டு நிற்க வேண்டும் என்று உத்தரவு போட்டார். அதைத் தமிழில் போய்ச் சொன்னவனும் நான்தான்.

பாலமுனைக்குப் போகிற தெருவை அந்தக் கிழமை வெள்ளம் மூடியிருந்தது. வீட்டுக்கும் போக முடியாது, இங்கேயும் இருக்க முடியாது. ஆதம்பாவா மட்டும் கேட்டார்:

"கோபமெண்டா ஏசட்டும் கிளாக்கர். கூரய என்னத்துக்குப் புடுங்கிற?"

3. தறிக்காரனுக்குத் தெரியாதது

வேலையை மேற்பார்க்கிற ஓவசியர் அருளப்பு கல்முனைக் கத்தோலிக்கர், கடற்கரையில் வளர்ந்த ஆள். ரிப்போர்ட்டின் கொப்பியை வாசித்துவிட்டு என் மேசையில் எறிந்தார்.

"நீர் மருதமுனை. தறிச் சத்தம் தெரியும், கடல் தெரியாது. வலக்காரனுக்கும் இவங்க இதத்தான் செய்யிற."

பிறகு விளங்கப்படுத்தினார். கயிறு இழுக்கும்போது வலைச் சொந்தக்காரனைப் பற்றிப் பகிடியாகக் கட்டிப் பாடுவார்கள், கூ அடிப்பார்கள். அவன் சிரித்துக்கொண்டு ஒரு பதில் பகிடி விட வேண்டும், அதுதான் முறை. எந்த வலைக்காரனுக்குக் கூ இல்லையோ, அவன் தங்கள் ஆள் இல்லை என்று அர்த்தம். அடுத்த நாள் வேறு வலைக்குப் போய்விடுவார்கள். கடற்கரை முறையை அப்படியே மதகுக் குழிக்குக் கொண்டுவந்ததுதான் அவர்கள் விட்ட பிழை. அவ்வளவுதான் பிழை.

மறுநாள் காலை எஞ்சினியரிடம் போய் வழக்கத்தைச் சொன்னேன். நேற்று மிரட்டல் என்று எழுதியவன் இன்று பகிடி என்று வந்து நிற்கிறான். இதில் எதை நம்புவது என்று கேட்டார். நியாயமான கேள்வி. பலகையில் நான் விழுகிறேன், அவர்கள் எனக்கும் கூ அடிப்பார்கள், நீங்களே பாருங்கள் என்றேன்.

வந்தார். ஆட்கள் கடைசி நாள் வேலையாக மண் வெட்டிக்கொண்டிருந்தார்கள். என்னிடம் இருந்த ஒரே வெள்ளைக் காற்சட்டையோடு பலகையில் ஏறி, நடுவில் நின்று, வேண்டுமென்றே விழுந்தேன். களி கழுத்து வரைக்கும் அப்பியது.

ஒரு கூ இல்லை. மண்வெட்டிச் சத்தமும் நின்றுவிட்டது.

"அடியுங்க காக்கா," என்றேன் ஆதம்பாவாவிடம், அண்ணன் முறை வைத்து. "எஞ்சினியர் பாக்கிறார். கூ அடியுங்க."

அவர் குழியின் ஓரத்துக்கு வந்தார்.

"எங்கட ஆளெண்டு நினைச்சித்தான் அண்டைக்கு அடிச்ச. நீங்க எழுதினதுக்குப் பொறகு உங்களுக்கு அடிக்க எங்களுக்கு வாய் வரல்ல."

அவர் என்ன சொல்கிறார் என்று எஞ்சினியர் மேலே நின்று கேட்டார். அது என் வேலை. மாற்றிச் சொல்லியிருக்கலாம், அங்கே நின்ற ஆட்களில் ஒருவருக்கும் இங்கிலீசு தெரியாது, தெரிந்த அருளப்புவும் பக்கத்தில் இல்லை. கண்ணுக்குள் மண். அப்படியே நின்று, சொல் தவறாமல் இங்கிலீசில் சொன்னேன். நான் வேலைக்கு வந்த முதல் நாள் அவர்கள் எனக்குக் கூ அடித்ததையும், நான் அதற்கு வஞ்சம் வைத்து அந்த ரிப்போர்ட்டை எழுதியதையும் சேர்த்துச் சொன்னேன்.

எஞ்சினியர் குழி ஓரத்துக்கு வந்து குனிந்தார். அப்படியென்றால் தன்னை அவர்கள் தங்கள் ஆள் என்று நினைத்திருந்தார்களா என்று கேட்டார். ஓம் என்றேன். தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்தார். மதகு முடியும்வரை ஆட்கள் பரக்கில் இருக்கட்டும், தகரத்தில் ஓட்டை இருந்தால் அடைக்கச் சொல் என்றார். இதை நான் களிக்குள் நின்றே தமிழில் சொன்னேன்.

என்னை வேலையை விட்டு நிறுத்தவில்லை. இரண்டு மாரி அந்த மதகில் வேலை செய்தேன். எஞ்சினியருக்குக் கூ விழுந்தபடியே இருந்தது. அவரும் பிறகு தனக்குத் தெரிந்த மூன்று தமிழ்ச் சொல்லை வைத்துக்கொண்டு பதில் பகிடி விடப் பழகிவிட்டார்.

அடுத்தவன் சொன்னதை எழுதும்போது உன் கோபத்தை வெளியே வைத்துவிட்டு எழுது. எனக்கு அறுபது வயதுவரை சோறு போட்ட தொழிலில் நான் கற்றது இவ்வளவுதான். படித்துக் கற்கவில்லை. பிறகு இரண்டு முறை அதே பலகையில் நிசமாகவே வழுக்கி விழுந்தேன். இரண்டு முறையும் ஆதம்பாவா கைகொடுத்துத் தூக்கிவிட்டார். "பாத்து நடங்க, சேர்," என்றார். ஒருத்தரும் சிரிக்கவில்லை.