தூரித்தின் ஏரி கொழுத்த வருஷம்

ரோய்வத்ன ஏரியில் மீனுக்கு ஒருநாளும் பஞ்சம் வந்ததில்லை. பஞ்சமெல்லாம் மீன்களுக்குத்தான். வலை போட்டால் அள்ள அள்ள வரும். ஆனால் ஒவ்வொன்றும் விரல் நீளம், தலை மட்டும் பெரிசு, உடம்பில் பேருக்குக்கூடச் சதை கிடையாது. ரோய் என்பது குளிர்ந்த தண்ணீரில் வளரும் சிவப்பு வயிற்று மீன். நன்றாகக் கொழுத்தால் அதன் ருசிக்கு ஈடே இல்லை. ஒரே ஏரியில் அளவுக்கு மீறிப் பெருகிவிட்டாலோ, ஒன்றின் வாயிலிருப்பதை ஒன்று பிடுங்கித் தின்று எல்லாமே சவலையாக நின்றுவிடும். அப்படிப்பட்டவற்றை இங்கே வடக்கு நார்வேயில் ஆயிரம் அண்ணன் தம்பிகள் என்போம். பூனைக்குப் போட்டால் பூனையே முகத்தைத் திருப்பிக்கொள்ளும்.

இந்த அண்ணன் தம்பிகளைக் குறைப்பதுதான் தூரித்தின் வேலை. மீன்வளத் துறை ஒரு படகையும் சின்னக் கண் வலைகளையும் கொடுத்திருந்தது. சிறிசை வாரி வெளியே கொட்ட வேண்டும், பெரிசு தப்பித்தவறி மாட்டினால் விட்டுவிட வேண்டும். கூட்டம் குறைந்தால் மிஞ்சியதற்கு இரை கிடைக்கும், ஏரி தேறும் என்பது கணக்கு. பன்னிரண்டு கோடை வாரினாள். கொசு மூக்குக்குள் போகும், விரல்கள் தண்ணீரில் மரத்துப்போகும். வாரியதெல்லாம் உரக்குழிக்குப் போயிற்று.

ஊருக்குச் சிரிக்க ஒரு ஆள் கிடைத்தது. "என்ன தூரித், ஏரியிலே இன்னும் எவ்வளவு பாக்கி?" என்று கடைக்காரன் கேட்பான்.

"உன் மூளை அளவுக்குத்தான் பாக்கி. நாளைக்கே முடிஞ்சிடும்" என்று சொல்லிவிட்டுக் காப்பித்தூளை வாங்கிக்கொண்டு வருவாள்.

வீட்டில் அவளும் தம்பி ஐனாரும்தான். இருவருக்கும் கல்யாணம் ஆகவில்லை, அதைப் பற்றி இருவரும் அலட்டிக்கொண்டதும் இல்லை. ஐனார் பள்ளிக்கூடப் பேருந்து ஓட்டுபவன். வாயில்லாப் பூச்சி. எட்டாவது கோடையில் ஒருநாள் தூரித் தோள்வலி தாங்காமல் சாப்பாட்டு மேசையிலேயே அழுதுவிட்டாள். "என்னாலே ஆகலைடா. இந்தச் சனியனையெல்லாம் தின்னுத் தீர்க்க ஒரு வாய் இருந்தாத் தேவலை" என்றாள். அவன் தைலப் புட்டியை எடுத்து வந்து வைத்தான். மறுநாள் அவள் வழக்கம்போலப் படகில் ஏறினாள், சொன்னதை அப்போதே மறந்தும் போனாள்.

நாலு வருஷம் கழித்து அவள் வலையில் ஒரு யெத்தாக் குஞ்சு மாட்டியது. வாத்து மூக்கு, வாயெல்லாம் பல், மற்ற மீன்களைத் தின்றே வளரும் மீன். யெத்தா எங்கள் பக்கத்து மீனே இல்லை. யாரோ கொண்டுவந்து விட்டிருக்க வேண்டும். குஞ்சு இருக்கிறதென்றால் அது ஏரியில் முட்டையும் போட்டுவிட்டது. ஏரித் தண்ணீர் ஓடைவழியாக சால்மன் ஆற்றில் போய் விழுகிறது. யெத்தா அங்கே இறங்கிவிட்டால் ஆறும் போச்சு.

துறையிலிருந்து மாக்னே வந்தார். நல்ல மனுஷர், நல்லவர் வாயிலிருந்துதான் கெட்ட செய்தி வர வேண்டுமா என்று தோன்றும்படி சொன்னார். "மருந்து ஊத்தி ஏரி முழுக்கக் கொல்லணும் தூரித். வேற வழியே இல்லை."

"ரோயையுமா?"

"மருந்துக்கு இது ரோய், அது யெத்தான்னு தெரியுமா? அப்புறமா வேற ஏரியிலேருந்து குஞ்சு கொண்டாந்து விடலாம்."

வேறு ஏரிக் குஞ்சு அவளுக்கு எதற்கு? அன்று முதல் சாப்பிட உட்கார்ந்தால் வசவுதான். ஊரார் கோடைக்கு வந்து தங்கும் ஸ்வீடன்காரர்களைச் சந்தேகப்பட்டார்கள். தூரித் ஆள் பேர் தெரியாமலே அர்ச்சனை செய்தாள். "எந்தக் கட்டையிலே போறவன்டா இதைப் பண்ணினான்? அவன் கை அழுகிப்போக!"

ஐனார் முள்கரண்டியைக் கீழே வைத்தான். "அழுகட்டும். இந்தக் கைதான்."

அவள் விளையாட்டு என்றுதான் நினைத்தாள். அவன் முகத்தைப் பார்த்த பிறகு அப்படி நினைக்க முடியவில்லை. எல்லை தாண்டி ஸ்வீடனுக்குப் போய் மலிவாகப் பன்றிக்கறியும் புகையிலையும் வாங்கி வருவது இங்கே எல்லோருக்கும் வழக்கம். அப்படிப் போன ஒரு வசந்தத்தில் அவன் பன்றிக்கறிப் பெட்டிக்குப் பக்கத்தில், தண்ணீர்த் தொட்டியில், மூன்று யெத்தாக்களை வைத்துக்கொண்டு வந்திருந்தான்.

"தின்ன ஒரு வாய் வேணும்னு நீதானே அக்கா அழுதே. எனக்குப் பொறுக்கலை."

"என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டியாடா பாவி?"

"கேட்டா வேண்டாம்னு சொல்லியிருப்பே."

அதோடு அவள் அவனிடம் பேச்சை நிறுத்தினாள். காட்டிக்கொடுக்கவும் இல்லை. காட்டிக்கொடுத்தால் ஏரி திரும்பி வந்துவிடுமா? ஊர் ஸ்வீடன்காரர்களைத் திட்டியபோது வாயை மூடிக்கொண்டு இருந்தாள், அது வேறு நெஞ்சை அறுத்தது. உருளைக்கிழங்கை அவித்துத் தட்டில் போட்டு அவன் முன்னால் வைத்துவிட்டு உள்ளே போய்விடுவாள். அவன் பாதியைக்கூடத் தொடமாட்டான். கோடை முடிவதற்குள் அவனுடைய சட்டை வேறு யாருடையதோ போல ஆகிவிட்டது.

இலை பழுக்கத் தொடங்கியதும் மருந்து ஊற்றினார்கள். படகுகள் பின்னால் வெள்ளையாகக் கோடு இழுத்துக்கொண்டு போயின. ஊரார் கரையில் நின்றார்கள், கடைக்காரன்கூடக் கடையைப் பூட்டிவிட்டு வந்திருந்தான். ஐனார் தன் படகில் தனியாகச் செத்த மீனை அள்ளிக்கொண்டிருந்தான். முதலில் சிறிசுகள் மிதந்தன, நடுவே சில யெத்தாக்கள். மத்தியானத்துக்கு மேல் ஆழத்திலிருந்து பெரிசுகள் வரத் தொடங்கின.

முழங்கை நீள ரோய்கள். சிவப்பு வயிறு, தடித்த முதுகு. ஒன்றல்ல, நூற்றுக்கணக்கில். சின்னக் கண் வலைக்கு எட்டாத ஆழத்தில் இத்தனை வருஷமும் வளர்ந்திருக்கின்றன. தூரித் ஒன்றை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். செவுள் இன்னும் அசைந்துகொண்டிருந்தது. "இப்படி உங்களைப் பாக்கணும்னுதானேடா இத்தனை பாடு பட்டேன்" என்று சொல்லி, யார் பார்க்கிறார்கள் என்ற வெட்கமே இல்லாமல் அழுதாள்.

மாக்னே படகைப் பக்கத்தில் கொண்டுவந்தார். "ஏரி தேறிடுச்சே தூரித்!" என்று வாய்தவறிச் சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டார். "யெத்தா தின்னு கூட்டம் குறைஞ்சதாலே இருக்கும். இல்லே, உன் வலையாலே இருக்கும். காதுக்கல்லைப் பார்த்தாத்தான் தெரியும்."

ரோய் மீனின் தலைக்குள் அரிசிமணி அளவில் ஒரு கல் உண்டு. வருஷத்துக்கு ஒரு வளையம் விழும். பட்டினி வருஷமென்றால் நெருக்கமாக, வயிறு நிறைந்த வருஷமென்றால் அகலமாக. அன்று மாலை தூரித் சமையலறை மேசையில் பெரிய மீன்களின் கற்களை ஒவ்வொன்றாக உடைத்து லென்ஸின் கீழே வைத்தாள். உள்ளே வளையங்கள் நெருக்கியடித்துக் கிடந்தன. பிறகு திடீரென்று அகலம். ஓரத்திலிருந்து உள்நோக்கி எண்ணினாள். யெத்தா வந்து நாலு வருஷம். அகலம் தொடங்கி ஆறு வருஷம். நம்பாமல் அடுத்த கல்லை எடுத்தாள். அதுவும் ஆறு. அதற்கடுத்ததும் ஆறு.

அவள் கைதான் ஏரியைத் தேற்றியிருந்தது. தோள்வலியில் அவள் அழுத அந்த நாளுக்கு முன்பே, ஆழத்தில் மீன்கள் கொழுக்கத் தொடங்கியிருந்தன. ஐனார் யெத்தாவைக் கொண்டுவந்திருக்கவே வேண்டாம். கொஞ்சம் பொறுத்திருந்தால் போதும், மேலேயும் தெரிந்திருக்கும். கடைக்காரனைக் கூட்டிவந்து காட்டியிருக்கலாம்.

ஐனார் உள்ளே வந்தான். உடம்பெல்லாம் செத்த மீன் நாற்றம். கைகூடக் கழுவாமல் கதவோரம் நின்றான்.

"அக்கா, பெரிசெல்லாம் பார்த்தேன்" என்றான். "அது... யெத்தா வந்ததாலேதானே? கல்லிலே என்ன தெரியுது?"

தூரித் லென்ஸிலிருந்து கண்ணை எடுத்தாள். இந்த எண்ணிக்கையை மாக்னேவுக்கு அனுப்பத்தான் போகிறாள், அதில் பொய் இருக்காது. மாக்னே பேருந்தேறி வந்து தம்பியிடம் சொல்லப்போவதும் இல்லை. பன்னிரண்டு கோடையில் அவள் உருப்படியாகச் செய்த ஒரே காரியம் அந்த மேசைமேல் கிடந்தது. சொல்லிவிட வேண்டும் என்று தொண்டைவரை வந்துவிட்டது. அவன் கழுத்து எலும்பைப் பார்த்தாள்.

"ஆமாடா. உன் யெத்தாதான்" என்றாள்.

"அப்ப ஒரு நல்லதாவது பண்ணியிருக்கேன்."

"பண்ணியிருக்கே. கையைக் கழுவிட்டு வா, சாப்பிடலாம்."

அவன் குழாயடிக்குப் போனான். அவள் கற்களை ஒதுக்கி வைத்துவிட்டு இரண்டு தட்டுகளை எடுத்து வைத்தாள்.